முழங்கால் சொன்ன கணக்கு

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வடிவியல் நடத்திய டீச்சருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கோணமானி. முதுகுக்குப் பின்னால்தான் வைத்தார்கள். ஆனால் அது காதுக்கு எட்டியபோது அவருக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தே போனார். கரும்பலகையில் கையால் இழுத்த இரண்டு கோடுகளைப் பார்த்து "நாற்பத்தேழு டிகிரி" என்பார். அளந்து பார்த்தால் நாற்பத்தேழுதான் இருக்கும். ஒரே ஒருமுறை நாற்பத்தாறு வந்தது. கருவி தேய்ந்துபோயிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அப்படிப்பட்டவர், ஓய்வு பெற்று ஏழு வருடம் கழித்து, தான் குடியிருக்கும் கட்டடத்தின் படிக்கட்டில் கால் தடுக்கி இடறத் தொடங்கினார்.

நான்கு மாடி, பதினாறு வீடு, லிப்ட் கிடையாது. டீச்சர் வீடு இரண்டாம் மாடியில். ஏறும்போது கட்டைவிரல் படியின் விளிம்பில் இடிக்கும். இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று கால் நம்பிக்கொண்டிருக்க, தரை முன்கூட்டியே வந்து பல்லோடு பல்லை மோதவைக்கும். முழங்கால் வலி ஐந்து வருடமாக உண்டு. தேய்மானம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலியோடு அவர் ஒருமாதிரி சமாதானமாகிவிட்டிருந்தார். மழைக்காலத்தில் கொஞ்சம் கூட, வெயிலில் கொஞ்சம் குறைய, அவ்வளவுதான். ஆனால் இந்தத் தடுக்கல் புதிது. அதற்கும் வலிக்கும் உறவு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவருக்குத் தோன்றியது வேறு. படிக்கட்டுக்குப் புதுக் கல் பதித்து ஆறு மாதம் ஆகிறது. தனக்குக் கால் தடுக்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. ஆகவே, கல் பதித்ததில் கோளாறு. வகுப்பில் ஒரு மாணவி இப்படி நிரூபித்திருந்தால் நோட்டை மூடிக் கையில் கொடுத்து வெளியே நிற்கவைத்திருப்பார். சொந்த நிரூபணம் என்பதால் முழு மதிப்பெண் போட்டுக்கொண்டார்.

கட்டடத்துச் சங்கத்தின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டாம் மாடிக்கு ஏறும் வரிசையில் ஆறாம் படி மற்றவற்றைவிடக் குறைந்தது ஒன்றரை சென்டிமீட்டர் உயரம், இது கவனக்குறைவான வேலை, யாராவது விழுந்து எலும்பு முறிவதற்கு முன் சரிசெய்ய வேண்டும். கூடவே பென்சிலில் ஒரு படம், அடிக்கோல் வைத்து. உண்மையில் அவர் அந்தப் படியை அளக்கவில்லை. குனிந்து அளக்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அதனால் காலாலேயே அளந்துவிட்டார்.

அவர் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தை வாங்கிப் பார்த்து இரண்டு இடத்தில் ஒற்று போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"விஷயம் சரியா இருக்கா?" என்றார் டீச்சர்.

"எழுத்துப் பிழைதான் என் வேலை. கருத்துப் பிழைக்கு நான் பொறுப்பில்ல."

"கருத்துல என்ன பிழை?"

"ஒண்ணுமில்லம்மா. நீ கொண்டுபோய்க் குடு."

நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம் அது.

செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மூன்றாம் மாடிக்காரர். எதையும் முறைப்படி செய்கிறவர். கடிதத்தை அப்படியே கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். கல் பதித்த மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினார். மொட்டை மாடியில் ஒழுகல் அடைக்கும் வேலையும் அந்த மேஸ்திரிக்குத்தான் என்று பேசியிருந்தார்கள். இந்த விவகாரம் தீரும்வரை அது நிற்கட்டும் என்று சொல்லியனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேஸ்திரி வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். காதில் ஒரு பென்சில், சட்டைப் பையில் இன்னொரு பென்சில், கையில் டேப்பும் ரசமட்டமும். செயலாளரும் நான்கைந்து வீட்டுக்காரர்களும் படிக்கட்டில் கூடிவிட்டார்கள். மேஸ்திரி கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக அளந்து சத்தமாகச் சொன்னார். டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"பதினாறு."

"ம்."

"பதினாறு. இதுவும் பதினாறு."

ஆறாம் படிக்கு வந்ததும் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள்.

"பதினாறு."

"இன்னொரு தரம் பாருங்க," என்றார் டீச்சர்.

"பதினாறுதான் டீச்சர். நீங்களே வந்து பாருங்க."

கணவர் குனிந்து பார்த்தார். "பதினாறுதான்," என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். ரசமட்டத்தை வைத்தார்கள். குமிழி நடுவில் போய் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. டேப் தேய்ந்துபோயிருக்கும் என்ற வார்த்தை டீச்சரின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

"அளவு என்னவோ சரியா இருக்கலாம். ஆனா என் கால் பொய் சொல்லாது," என்றார்.

"உங்க கால் சொல்றது எனக்குத் தெரியாது டீச்சர். என் பேரு ரெண்டு வாரமா போர்டுல தொங்குது. அதுதான் எனக்குத் தெரியும்," என்றார் மேஸ்திரி. குரல் உயரவில்லை. அதுவே அதிகமாகச் சுட்டது.

"நான் ஏறிக் காட்டுறேன், எல்லாரும் பாருங்க," என்று டீச்சர் கீழே போய் ஏறத் தொடங்கினார். ஆறாம் படியைக் குறிவைத்துப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. பதினோரு படியும் வெண்ணெய் மாதிரி ஏறி முடித்துவிட்டார். யாரோ லேசாகச் செருமினார்கள்.

"இப்படிக் குனிஞ்சு பார்த்தா எல்லாருக்கும் சரியாத்தான் வரும். சாதாரணமா எப்படி ஏறுவீங்களோ அப்படி ஏறுங்க. நேரா பாருங்க," என்றார் மேஸ்திரி.

டீச்சர் மறுபடியும் கீழே போனார். தலை நிமிர்ந்து, எதிர்ச்சுவரில் மின்சாரப் பெட்டியைப் பார்த்தபடி ஏறினார். நான்காம் படியில் கட்டைவிரல் இடித்தது. உடம்பு முன்னால் போயிற்று. மேஸ்திரிதான் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஆறாம் படியில் அல்ல, நான்காம் படியில். கடிதத்தில் குற்றம்சாட்டப்படாத, எந்தப் பாவமும் அறியாத நான்காம் படியில். கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேலை ஞாபகம் வந்து கலைந்தார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த டீச்சருக்குக் கால் வலிக்கவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது.

"டாக்டர்கிட்ட போலாமா?" என்றார் கணவர்.

வேறு நாளாக இருந்தால் ஏன், எதற்கு என்று நான்கு கேள்வி வந்திருக்கும். அன்று டீச்சர் செருப்பைத் தேடினார். வலது காலைச் செருப்புக்குள் விட்டதாக நினைத்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். செருப்பு ஓரத்திலேயே கிடந்தது. கணவர் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் சாவியைத் தேடினார்.

டாக்டர் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். மூன்று கட்டிலும் சுவர் நிறையக் கண்ணாடியும் உள்ள அறை. பிசியோ கதவளவு பெரிய ஆள். குரல் மட்டும் தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிறவர் மாதிரி. டீச்சரை உயரமான கட்டிலில் கால் தொங்க உட்காரவைத்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு கருவியை எடுத்தார். இரண்டு நீளமான கைகளும் நடுவில் டிகிரி குறித்த வட்டமும் உள்ள பெரிய கோணமானி.

டீச்சருக்கு அதைப் பார்த்ததும் தெம்பு வந்துவிட்டது. சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி.

"கண்ணை மூடிக்கங்கம்மா. நான் உங்க காலை ஒரு அளவுக்குத் தூக்கிப் பிடிக்கிறேன். அதை மனசுல வெச்சுக்கங்க. அப்புறம் கீழ விட்டுடுவேன். நீங்களா அதே அளவுக்குத் தூக்கி நிறுத்தணும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

பிசியோ காலைத் தூக்கிப் பிடித்தார். ஐந்து விநாடி. இறக்கினார். டீச்சர் கண்ணை மூடியபடியே காலைத் தூக்கி நிறுத்தி, "நாற்பத்தஞ்சு," என்றார். கேட்காத தகவலைச் சேர்த்துச் சொல்வது பழைய பழக்கம்.

கோணமானி முழங்காலில் வந்து குளிர்ச்சியாக உட்கார்ந்தது.

"நான் வெச்சது நாற்பத்தஞ்சுதான்மா, கரெக்டா சொன்னீங்க. ஆனா நீங்க இப்ப நிறுத்தியிருக்கறது முப்பத்திநாலு."

டீச்சர் கண்ணைத் திறந்து பார்த்தார். நாற்பத்தைந்துக்குப் போயிருப்பதாக அவர் சத்தியம் செய்யத் தயாராக இருந்த கால், பாதி வழியில் இளைப்பாறிக்கொண்டிருந்தது.

மறுபடியும் செய்தார்கள். எட்டு டிகிரி தப்பு. மறுபடியும். பன்னிரண்டு. இடது காலில் வலி அவ்வளவு இல்லை, அது மானத்தைக் காப்பாற்றும் என்று நினைத்தார். அது ஒன்பது தப்பியது. முப்பத்திரண்டு வருடம் ஊரார் கோணத்தையெல்லாம் திருத்தியவர் சொந்த உடம்பில் இரண்டே கோணத்தை வைத்துக்கொண்டு இரண்டிலும் தோற்றார்.

"பாக்காமலே கை கால் எங்க இருக்குன்னு நமக்குத் தெரியுது இல்லையா?" என்றார் பிசியோ. "தசையிலயும், மூட்டைச் சுத்தி இருக்கற நார்லயும், மூட்டை மூடியிருக்கற உறையிலயும் அதுக்குன்னே நரம்பு முனைகள் இருக்கு. இப்ப இவ்வளவு மடங்கியிருக்கு, இவ்வளவு நீண்டிருக்குன்னு மூளைக்குச் சொல்லிட்டே இருக்கும். வயசானா அந்தச் சேதி கொஞ்சம் மங்கும். மூட்டு தேஞ்சு, வீங்கி, தொடைத் தசையும் மெலிஞ்சுட்டா இன்னும் மங்கும். வலி இருக்கற கால்ல மட்டும்தான்னு இல்ல, மத்த கால்லயும் வரலாம்."

"அப்ப நான் படியில காலைத் தூக்கும்போது?"

"போதுமான அளவு தூக்கிட்டோம்னு நீங்க நினைப்பீங்க. தூக்கியிருக்க மாட்டீங்க. கண்ணால பார்த்தா சரியா வரும். கண்ணு அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கும்."

டீச்சர் தொங்கும் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு, "இது சரியாகுமா?" என்றார்.

"தேய்மானம் திரும்பி வராது. ஆனா இது பழக்கினா தேறும். தசை வலுவாகணும், நின்னு சமாளிக்கப் பழகணும். ரெண்டு மாசம் வாங்க."

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் செய்த முதல் வேலை, பரணிலிருந்து வகுப்பறை மரக் கோணமானியை எடுக்கச் சொல்லி, கணவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னதுதான். மூன்று முறை அளந்தார். மூன்று டிகிரி, இரண்டு டிகிரி, நான்கு டிகிரி. டீச்சரைவிட மூன்று வயது மூத்த மனிதர்.

"எனக்குப் பரவாயில்லையா?" என்றார் கணவர்.

"சுமார்," என்று சொல்லிவிட்டு டீச்சர் கோணமானியைச் சுவரில் சாய்த்தார்.

ஆனால் மனதில் உறுத்தியது அதுவல்ல. மறுநாள் காய் வாங்கக் கீழே போனபோது அறிவிப்புப் பலகையில் கடிதம் இன்னும் இருந்தது. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கீழ்வீட்டு அம்மாள் சொன்னார்: "மொட்டை மாடி வேலைக்கு வேற ஆளைப் பாக்கறாங்களாம் டீச்சர். படி சரியாத்தான் இருக்காம், இருந்தாலும் எதுக்கு வம்புன்னு."

டீச்சர் கடிதத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். தக்காளி எடைபோடும்போதெல்லாம் அது பையில் சரசரத்தது.

அந்த மாதச் சங்கக் கூட்டம் வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், பதினைந்து பேர். தான் தந்த பதில் தப்பு என்று இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டு டீச்சருக்குப் பழக்கமில்லை. கணவரிடம் எழுதித் தரச் சொல்லலாமா என்றுகூட யோசித்தார். கடைசியில் எழுந்து நின்று ஒரே மூச்சில் சொன்னார்.

"படிக்கட்டுல எந்தத் தப்பும் இல்ல. தப்பு என் முழங்கால்ல. அது ஒன்பது டிகிரி, பன்னிரண்டு டிகிரின்னு தப்புத் தப்பா எனக்குச் சேதி சொல்லுது. அதை நம்பி நான் கடுதாசி எழுதிட்டேன். மேஸ்திரி வேலை சுத்தமான வேலை. மாடி வேலையை அவருக்கே குடுக்கணும்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சர், உங்க பெருந்தன்மை எங்களுக்குப் புரியுது," என்றார். "பாவம், அந்த ஆளு பொழப்பு கெடக்கூடாதுன்னு பழியை நீங்களே ஏத்துக்கறீங்க."

"பெருந்தன்மையெல்லாம் இல்ல. நிஜமாவே நான்தான் தப்பு."

"நீங்க தப்பா கணக்குப் போடுவீங்கன்னா சூரியனே மேற்குல உதிக்கணும் டீச்சர்," என்றார் நான்காம் மாடிக்காரர். பலரும் தலையாட்டினார்கள். கீழ்வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தன்னிடம் தப்பே வராது என்று ஒரு கட்டடத்தையே இத்தனை வருடமாக நம்பவைத்திருந்ததன் கூலி அது. உண்மையைச் சொன்னாலும் எடுபடவில்லை. டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. கணவரைப் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து இரண்டு மாடி ஏறிப்போய் மரக் கோணமானியைக் கொண்டுவந்தார்.

"செயலாளர் சார், நீங்களே வாங்க. என் காலை ஒரு அளவுக்குத் தூக்கிப் பிடிங்க," என்று டீச்சர் இரண்டு நாற்காலியை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கணவரின் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஒழுங்குபண்ணிக்கொண்டு கண்ணை மூடினார். பரீட்சை எழுத வந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம். பெயிலாகியே தீருவது என்ற உறுதியோடு வந்தவர்.

அன்று பார்த்து கால் நன்றாக வேலைசெய்துவிடுமோ என்ற பயம்கூட ஒரு கணம் வந்தது.

கால் கைவிடவில்லை. முதல்முறை பதினொன்று தப்பியது. இரண்டாம்முறை பத்து.

"அடேங்கப்பா," என்றார் செயலாளர்.

"நான் பாக்கறேன், நான் பாக்கறேன்" என்று அடுத்த பத்து நிமிடத்தில் கூட்டத்தின் விவாதப் பொருள் மாறிப்போனது. ஒவ்வொருவராக நாற்காலியில் ஏறிக் கண்ணை மூடினார்கள். நான்காம் மாடிக்காரர் ஏழு. கீழ்வீட்டு அம்மாள் மூன்று. அவர் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். செயலாளர் பத்து. அதற்குப் பிறகு அவர், மாடி வேலை மேஸ்திரிக்கே என்றும், படி விளிம்பு எல்லாவற்றிலும் கண்ணில் படும்படி வெள்ளைப் பட்டை அடிப்பது என்றும், மாடிப்படிக்கு இரண்டாவது பக்கமும் கைப்பிடி வைப்பது என்றும் ஒருமனதாகத் தீர்மானம் எழுதிவிட்டு மேலே போனார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

அந்த வாரமே மேஸ்திரி மாடி வேலையைத் தொடங்கினார். டீச்சர் அவரைத் தேடி மொட்டை மாடிக்கு ஏறிப் போனார். புதிதாக அடித்த வெள்ளைப் பட்டையில் பார்வையைப் பதித்து, படிக்கு ஒரு தரம் நின்று. மேஸ்திரி நிழலில் உட்கார்ந்து கலவையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதினது தப்பு. உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

"கூட்டத்துல சொன்னீங்களாமே. கேள்விப்பட்டேன்." கொஞ்ச நேரம் கலவையைக் கிளறினார். "அத்தனை பேருக்கு முன்னாடி நாற்காலியில ஏறி உட்கார்ந்தீங்களாமே."

"ஆமா."

"எனக்கு அந்தத் தைரியம் வராது டீச்சர்."

டீச்சர் கிளம்பத் திரும்பினார். மேஸ்திரி பின்னாலிருந்து கேட்டார்.

"அந்த பிசியோ எங்க இருக்காரு? எனக்கில்ல. என் மச்சானுக்கு. அவருக்குச் சாரத்துல ஏறினா பலகை மேல கால் எங்க இருக்குன்னு தெரியலயாம். ஒரு வருஷமா கீழயே நின்னுக்கிட்டு மத்தவங்களை ஏத்தி விடறாரு. வெளிய சொல்ல வெக்கப்படறாரு."

டீச்சர் முகவரி சொன்னார். "வியாழக்கிழமை போகச் சொல்லுங்க. அன்னிக்குக் கூட்டம் இருக்காது," என்றார். மச்சானுக்கு எத்தனை வயது, என்ன வேலை என்றெல்லாம் கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் இருப்பதும் பழகினால் வருகிறது என்று படி இறங்கும்போது தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். அந்த மெச்சலில் ஒரு படியைக் கோட்டைவிட இருந்து, கைப்பிடியைப் பிடித்துத் தப்பினார்.

மறு வியாழன் அவர் பிசியோவின் அறைக்குள் நுழைந்தபோது உயரக் கட்டிலில் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மச்சான் வரலையா?"

"அவருக்கு முடியல. அதான் நான் வந்து எப்படின்னு பார்த்துட்டுப் போலாம்னு..."

"நல்லது," என்றார் டீச்சர்.

டீச்சருக்கு அது ஆறாவது வாரம். தப்பு பன்னிரண்டிலிருந்து ஏழுக்கு இறங்கியிருந்தது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்தார். தொடை எரிந்தது. அடுத்தது கண்ணாடி ஓரத்தில் கம்பியைத் தொட்டபடி தடித்த மெத்தைத் துண்டின்மேல் ஒற்றைக் காலில் நிற்பது. அன்றைக்குப் புதிதாக, கண்ணை மூடிக்கொண்டு.

"பத்து எண்ணுங்கம்மா. என்ன ஆனாலும் கண்ணைத் திறக்காதீங்க. நான் இங்கதான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டு பிசியோ மேஸ்திரியிடம் திரும்பினார். "நீங்களும் கண்ணை மூடுங்கய்யா. இவ்வளவு. ஞாபகம் வெச்சுக்கங்க. இப்ப நீங்களா தூக்குங்க."

டீச்சர் எண்ணிக்கொண்டிருந்தார். நான்கு. ஐந்து. மெத்தை காலுக்கடியில் நெளிந்தது. கட்டில் பக்கம் கோணமானியின் திருகு கிறீச்சிட்டது. அடுத்தவர் விடைத்தாளை எட்டிப் பார்க்கிறவர்களை வாழ்நாள் முழுக்க வகுப்பைவிட்டு வெளியே அனுப்பியவர் அவர். ஆறு. ஏழு.

"பதினாலு," என்றார் பிசியோ மெதுவாக.

டீச்சரின் இடது கண் தானாகத் திறந்துகொண்டது. காதில் விழுந்தது பதினாலா, பதினொன்றா? மேஸ்திரியின் முழங்காலை எட்டிப் பார்த்தார். பிசியோ முதலில் வைத்த அளவில் நின்ற கோணமானிக்கும் காலுக்கும் நடுவில் வெறும் கண்ணுக்கே பதினாலு தெரிந்தது. தன் மோசமான பன்னிரண்டைவிட இரண்டு அதிகம். அந்த அற்ப சந்தோஷத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, தூக்கிய காலைத் தரையில் ஊன்றினார்.

"திறந்துட்டீங்க," என்றார் பிசியோ, திரும்பிப் பார்க்காமலே.

"திறந்துட்டேன்," என்றார் டீச்சர். "எத்தனைன்னு பார்த்தேன்."

கட்டிலில் மேஸ்திரி கண்ணை மூடியபடியே சிரித்தார்.

"சரி. ஒண்ணுல இருந்து," என்றார் பிசியோ.

டீச்சர் மெத்தையின் நடுவில் பாதத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒன்று என்றார்.